கட்சிக்குள் போகட்டுமா, வெளியே நிற்கட்டுமா? ரென்டன் வாசகிக்குப் பதில்

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். இப்போது வாஷிங்டன் மாநிலத்தில் ரென்டனில் இருக்கிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் வாடகையைக் கண்டபடி ஏற்றியபோது, குடியிருப்பவர்கள் சேர்ந்து ஒரு வாடகைதாரர் சங்கம் தொடங்கினோம். அதன் வேலைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஜனநாயகக் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர், "உங்கள் பிரீசிங்ட்டில், அதாவது ஓட்டுச்சாவடி வட்டாரத்தில், கமிட்டி ஆஃபீசர் என்ற கட்சிப் பதவி காலியாக இருக்கிறது, வாருங்கள்" என்று கூப்பிடுகிறார். சங்கத்தில் என்னோடு ஓடியாடி வேலை செய்யும் தோழிக்கு இது பிடிக்கவே இல்லை. "காஸாவுக்குக் குண்டு அனுப்பிய கட்சி அது. சியாட்டில் நகர மன்றத்தில் இருந்த சோஷலிஸ்ட் க்ஷமா சாவந்த் மாதிரி வெளியே நின்று அடிக்க வேண்டும்" என்கிறாள். என் கணவரோ ஜனநாயகக் கட்சி சார்பில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போன பிரமிளா ஜெயபாலைக் காட்டி, "உள்ளே போனால்தான் காரியம் ஆகும்" என்கிறார். எனக்கு இருவர் பேச்சும் சரியாகத்தான் படுகிறது. நான் என்ன செய்யட்டும்? இன்னொரு கேள்வி: பக்கத்து வீட்டுத் தம்பி ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறான். தேர்தல் சமயத்தில் எங்களோடு வீடு வீடாக வர ஆசைப்படுகிறான். வரலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

போங்கள். அந்தப் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் சங்கத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சங்கம் கட்சிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். என் பதில் இதுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் தோழியும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிற்சங்கத்தில் ஆள் சேர்ப்பதும், தேர்தல் வந்தால் களப்பணியை ஒருங்கிணைப்பதும்தான் என் தொழில். இந்தக் கேள்வியோடு வரும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் 'கட்சி' என்றதும் நம் ஊர்க் கட்சியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அங்கே உறுப்பினர் அட்டை உண்டு, கிளைச் செயலாளர் உண்டு. வேட்பாளர் யார் என்பதைத் தலைமை முடிவு செய்யும். சட்டமன்றத்தில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் 1985 முதல் இருக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடும். அப்படிப்பட்ட கட்சிக்குள் போவது என்றால் வாயைக் கட்டிக்கொண்டு போவது என்றுதான் அர்த்தமாகும்.

அமெரிக்காவில் கட்சி என்பது வேறு மாதிரியான அமைப்பு. வேட்பாளரைத் தலைமை நியமிப்பதில்லை; பிரைமரி என்ற முன் தேர்தலில் பொதுமக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமை ஆள் நிறுத்தலாம், பணம் கொட்டலாம். மக்கள் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவர்தான் வேட்பாளர். 2018-இல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கார்ட்டெஸ், பிரதிநிதிகள் சபையில் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவரான ஜோ கிராலியைப் பிரைமரியில் தோற்கடித்தது இப்படித்தான். 2025-இல் அதே நகரத்தில் ஜோரான் மம்தானி முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்ததும் இதே வழியில்தான். வாசல் திறந்தே கிடக்கிறது. ஆனால் அந்த வாசல் வழியாகப் பணமும் வரும். 2024-இல் ஜமால் போமனும் கோரி புஷ்ஷும் தங்கள் பிரைமரிகளில் தோற்றபோது, அவர்களுக்கு எதிராக இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபாக்கின் தேர்தல் நிதிப் பிரிவு கோடிக்கணக்கான டாலரை இறக்கியிருந்தது.

வாஷிங்டன் மாநிலம் இதிலும் ஒரு படி தள்ளி நிற்கிறது. இங்கே வாக்காளர் பதிவில் கட்சி என்ற பேச்சே இல்லை. 2008 முதல் 'முதல் இருவர்' முறை நடக்கிறது. ஆகஸ்ட் பிரைமரியில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே ஓட்டுச்சீட்டில் வருவார்கள். அதிக ஓட்டு வாங்கிய இருவர் நவம்பர் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். அந்த இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி, ஒருவர் கட்சியே இல்லாதவராக இருந்தாலும் சரி.

ஓட்டுப் பிரிகிறது என்ற பயம் எல்லோருக்கும் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. புளோரிடாவில் புஷ் 537 ஓட்டில் ஜெயித்தார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே 97,000-க்கு மேல் வாங்கியிருந்தார். அதிபர் தேர்தலில் அந்தப் பயத்துக்கு இன்றும் காரணம் இருக்கிறது. உங்கள் மாநிலத்தின் மற்றத் தேர்தல்களில் அது பெரிதாகக் குறைந்துவிடுகிறது. சியாட்டில் நகர மன்றத் தேர்தலிலோ கட்சிப் பெயரே ஓட்டுச்சீட்டில் வராது. ஆகவே உங்கள் தோழி வெளியே நிற்க வேண்டும் என்பது வெறும் ஆவேசம் அல்ல. இந்த மாநிலத்தின் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. முதல் இருவர் முறை இல்லாத மிச்சிகனிலோ ஜார்ஜியாவிலோ இருந்து நீங்கள் எழுதியிருந்தால் அவரோடு நான் கூடுதலாகவே வாதாடியிருப்பேன்.

சரி, அந்த இரண்டு பெண்களிடம் வருவோம். உங்கள் கணவரும் தோழியும் ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அந்த இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியுமா?

பிரமிளா சென்னையில் பிறந்த மலையாளக் குடும்பத்துப் பெண். க்ஷமா புனேயில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். பிரமிளா கட்சிப் பதவி வழியாக மேலே வந்தவர் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அராபியர், முஸ்லிம், தெற்காசியக் குடும்பங்கள் மீது நடந்த அத்துமீறல்களை எதிர்த்து 'ஹேட் ஃப்ரீ ஸோன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான சோமாலியர்களை நாடு கடத்துவதை எதிர்த்து புஷ் அரசு மீது வழக்குப் போட்டு அந்த அமைப்பு ஜெயித்தது. அதுதான் பிறகு 'ஒன் அமெரிக்கா' ஆனது. 2014-இல்தான் அவர் மாநில செனட்டுக்கு நின்றார். அதாவது பத்து வருடத்துக்கு மேல் வெளியே அமைப்பு கட்டிவிட்டு உள்ளே போனவர். 2016 நவம்பரில் அவரை எதிர்த்து நின்றவரும் இன்னொரு ஜனநாயகக் கட்சிக்காரர்தான். முதல் இருவர் முறையில் அப்படி அமைந்தது.

க்ஷமா பொருளாதாரம் கற்பித்தவர். ஆக்குபை சியாட்டில் போராட்டத்திலும் 'சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்' அமைப்பிலும் இருந்து வந்தவர். 2012-இல் மாநில சபாநாயகர் ஃபிராங்க் சாப்பை எதிர்த்து நின்று 29 சதவீதம் போல வாங்கித் தோற்றார். அடுத்த வருடமே, 16 வருடம் நகர மன்றத்தில் இருந்த ரிச்சர்ட் கான்லினைத் தோற்கடித்தார்.

அதே 2013 நவம்பரில், உங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சீடாக் நகரத்தில், விமான நிலையம் சார்ந்த தொழிலாளர்களுக்கு மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் கேட்டுப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 77 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. உடனே சியாட்டிலிலும் அந்தப் பேச்சு கிளம்பியது. மேயர் எட் மர்ரி, முதலாளிகள், தொழிற்சங்கங்கள், சமூக அமைப்புகள் எல்லாரையும் வைத்து ஒரு குழு போட்டார். பிரமிளா அதில் உறுப்பினர், க்ஷமாவும் உறுப்பினர். பெரும் பணக்காரரான நிக் ஹனாவரும் இருந்தார்.

அந்தக் குழுவுக்குள் நடந்த பேச்சைவிட, வெளியே நடந்தது முக்கியம். க்ஷமாவின் ஆட்கள் '15 நவ்' என்ற பெயரில் நகரமெங்கும் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பினார்கள். குழு ஒழுங்காக முடிவு எடுக்காவிட்டால், இன்னும் கறாரான திட்டத்தை நவம்பர் ஓட்டுச்சீட்டில் வைத்து மக்களிடமே போவோம் என்றார்கள். சீடாக் முடிவைப் பார்த்திருந்த முதலாளிகளுக்கு அது வெற்று மிரட்டலாகத் தெரியவில்லை. அதனால்தான் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களால் ஒரு எண்ணை ஒப்புக்கொள்ள வைக்க முடிந்தது. 2014 ஜூன் 2-ஆம் தேதி நகர மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது.

சமரசமும் நடந்தது. சிறு நிறுவனங்களுக்கு வருடக் கணக்கில் அவகாசம் கொடுத்தார்கள். டிப்ஸையும் மருத்துவக் காப்பீட்டையும் ஊதியக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வைத்தார்கள். க்ஷமா அதை எதிர்த்துத் திருத்தங்கள் கொண்டுவந்தார், தோற்றார், கடைசியில் சட்டத்துக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டார். இந்தக் கடைசி விஷயத்தை உங்கள் தோழிக்குச் சொல்லுங்கள். வெளியே நின்றவர் என்று நாம் சொல்லும் அந்தப் பெண்ணும், பாதிக் கசப்பான ஒரு சட்டத்துக்குக் கை தூக்கியிருக்கிறார். அந்த டிப்ஸ் சலுகை 2024 முடிவில் காலாவதியாக வேண்டியிருந்தது. அதை நிரந்தரமாக்க அந்த வருடம் நகர மன்றத்தில் ஒரு முயற்சி நடந்தது. தொழிற்சங்கங்களும் தொழிலாளர்களும் திரண்டதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025 ஜனவரி முதல் தேதி சலுகை ஒழிந்தது. பத்து வருடம் கழித்து ஒரு சட்டத்தின் கடைசி வரியைக் காப்பாற்ற ஆள் இருந்தது என்றால், அதற்குக் காரணம் சங்கங்கள். அந்த 2024-இல் க்ஷமா மன்றத்திலேயே இல்லை.

இங்கே எனக்கு க்ஷமாவின் வழியில் ஒரு குறை தெரிகிறது. அவர் செய்தவற்றை நான் குறைவாக மதிப்பிடவில்லை. நகர மன்றச் சம்பளத்தில் 40,000 டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போராட்டங்களுக்குக் கொடுத்தார். 2019-இல் அமேசான் 15 லட்சம் டாலர் அளவுக்கு எதிரணி நிதிக்குக் கொடுத்தும் ஜெயித்தார். 2021 டிசம்பரில் பதவி நீக்கத் தேர்தலில் 310 ஓட்டில் தப்பித்தார். 2023 பிப்ரவரியில், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டிலை ஆக்கினார். நம்மவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே வருடம் கலிபோர்னியாவில் அதே நோக்கத்தோடு ஒரு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும், ஜனநாயகக் கட்சி ஆளுநர் கேவின் நியூசம் அதற்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கட்சிக்குக் கட்டுப்படாத ஒருவரால் என்ன முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் 2023-இல் க்ஷமா மறுபடி நிற்கவில்லை, அவர் அமைப்பும் அந்த இடத்துக்கு வேறு யாரையும் நிறுத்தவில்லை. அடுத்து வந்த நகர மன்றம் வியாபாரிகள் பக்கம் சாய்ந்த மன்றமாக அமைந்தது.

உள்ளே போனவர்கள் கதைக்கும் ஒரு கசப்பான அத்தியாயம் இருக்கிறது. அதை உங்கள் கணவர் படிக்கட்டும். பிரமிளா 2021-இல் காங்கிரஸில் ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி உறுப்பினர்கள் சேர்ந்த முற்போக்கு அணியின் தலைவராக இருந்தார். அதிபர் பைடன் இரண்டு மசோதாக்களை வைத்திருந்தார். சாலை, பாலம் கட்டும் மசோதா ஒன்று; குழந்தை நலம், பருவநிலை, மருத்துவம் எல்லாம் அடங்கிய பெரிய மசோதா இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே நிறைவேற்ற வேண்டும், தனியாகப் பிரித்தால் முதலாவதற்கு ஓட்டு இல்லை என்று பிரமிளாவின் அணி பிடிவாதமாக நின்றது. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் வாக்கெடுப்பைத் தள்ளிப்போட வைத்தார்கள். நவம்பர் 5-ஆம் தேதி, பெரிய மசோதாவும் வந்துவிடும் என்ற வாக்குறுதியை நம்பி, சாலை மசோதாவை விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஆறு பேர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்சின் தொலைக்காட்சியில் தோன்றி, பெரிய மசோதாவுக்கு ஆதரவு இல்லை என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது.

அதோடு போனது குழந்தை வரிச் சலுகை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வருடத்துக்கு 3,600 டாலர் வரை வந்துகொண்டிருந்தது. 2021-இல் குழந்தை வறுமை விகிதம் 5.2 சதவீதம், சலுகை போன அடுத்த வருடம் 12.4 சதவீதம். இது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பின் கணக்கு. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எத்தனை வீட்டுச் சமையலறை காலியாகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

பிரமிளாவின் அணியில் 90-க்கு மேல் உறுப்பினர்கள் இருந்தார்கள். உள்ளே அதற்கு மேல் எவ்வளவு போக முடியும்? இல்லாமல் போனது என்னவென்றால், மேற்கு வர்ஜீனியாவில் மான்சினைத் தூங்கவிடாமல் செய்யும் அளவுக்கு ஓர் அமைப்பு. சியாட்டிலில் முதலாளிகளை ஒப்புக்கொள்ள வைத்த கையெழுத்துத் தாள்கள் போல அங்கே எதுவும் இல்லை. உள்ளே இருப்பவர் கேட்கும் விலையை, வெளியே இருக்கும் பலம்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் உங்கள் சங்கத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

இதில் பழைய பாடம் ஒன்றும் உண்டு. 1915-இல் வட டகோட்டாவில், சோஷலிஸ்ட் கட்சியில் ஆள் சேர்த்துப் பார்த்த டவுன்லி என்பவர், விவசாயிகளுக்குக் கட்சியின் கோரிக்கைகள் பிடித்தாலும் கட்சிப் பெயர் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தார். 'நான்பார்ட்டிசான் லீக்' என்று தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கினார். விவசாயிகளே சந்தா கட்டினார்கள், சொந்தப் பத்திரிகை நடத்தினார்கள். அடுத்த வருடமே குடியரசுக் கட்சியின் பிரைமரியில் தங்கள் ஆட்களை நிறுத்தி ஜெயித்து, லின் ஃபிரேசியரை ஆளுநராக்கினார்கள். 1919-இல் மாநில அரசே நடத்தும் வங்கியைத் தொடங்கினார்கள். பேங்க் ஆஃப் நார்த் டகோட்டா இன்றும் நடக்கிறது. குடியரசுக் கட்சியின் சீட்டைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சந்தாவையும் அமைப்பையும் அந்தக் கட்சியிடம் கொடுக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் எது என்பதை வாடகைச் சட்டத்தின் கதையே காட்டும். உங்கள் மாநிலத்தில் இரண்டு அவைகளிலும் ஜனநாயகக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. 2024-இல் வாடகை உயர்வுக்கு வரம்பு வைக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது. செனட்டின் நிதிக் குழுவைத் தாண்ட முடியாமல் அங்கேயே செத்தது. கொன்றது குடியரசுக் கட்சி இல்லை, அவர்களிடம் அந்த எண்ணிக்கை கிடையாது. 2025-இல் மறுபடி வந்தபோது செனட் அதைத் தளர்த்தியது. இரு அவைக் குழு உட்கார்ந்து பேசித்தான், பணவீக்கத்தோடு 7 சதவீதம் அல்லது மொத்தம் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது என்று முடிவானது. ஆளுநர் மே 7-ஆம் தேதி கையெழுத்திட்டார். புதிதாகக் கட்டிய கட்டடங்களுக்கு 12 வருட விலக்கு இருக்கிறது. உங்கள் வளாகத்தின் வயதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மசோதாவை முன்னெடுத்த எமிலி அல்வராடோ, 2025 ஜனவரியில் கீழவையிலிருந்து செனட்டுக்குப் போனார். பொதுத் தேர்தலில் ஜெயித்துப் போகவில்லை. 34-ஆவது தொகுதி செனட்டர் ராஜினாமா செய்ததால் வந்த காலியிடம் அது. இப்படிக் காலியாகும்போது கட்சி மூன்று பெயர்களைக் கொடுக்கும், கவுண்டி, அதாவது மாவட்ட மன்றம், அதிலிருந்து ஒருவரை நியமிக்கும். அந்த மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவது யார் தெரியுமா? அந்தத் தொகுதியின் பிரீசிங்ட் கமிட்டி ஆஃபீசர்கள். உங்களைக் கூப்பிடுகிறார்களே, அதே பதவி. ஒரு தொகுதிக்குச் செனட்டர் யார் என்பதை ஒரு பள்ளிக்கூட ஹாலில் அடங்கும் கூட்டம் தீர்மானிக்கிறது. அந்தக் கூட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர், வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நான் போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கூப்பிட்டவர் உங்களை இப்போதைக்கு நியமனத்தில் போடுவார். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். இந்தப் பதவிக்கு இரட்டைப்படை வருடத்தில் தேர்தல் உண்டு. அந்த வருட மே மாதம் மனு போடலாம். வேறு யாரும் போடாவிட்டால் நீங்களே தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். போட்டி இருந்தால் ஆகஸ்ட் ஓட்டுச்சீட்டில் உங்கள் பெயர் வரும். மெனக்கெட்டு ஏன் சொல்கிறேன் என்றால், தேர்தல் முடிந்தபின் கட்சி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கக் கவுண்டி அளவில் கூட்டம் நடக்கும். அங்கே ஓட்டுரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத்தான், நியமனத்தில் வந்தவர்களுக்கு இல்லை. பெரும்பாலும் புதியவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

சங்கம் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். உறுப்பினர்களின் போன் நம்பர் பட்டியலைக் கட்சிக்குக் கொடுக்காதீர்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள், அப்போதும் கொடுக்காதீர்கள். ஒரு தேர்தலுக்குள் அந்த நம்பர்களுக்கு நன்கொடை கேட்டுக் குறுஞ்செய்தி வர ஆரம்பிக்கும். குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடும் குடும்பங்கள் உங்கள் வளாகத்திலும் இருக்கும். அவர்கள் முதலில் விலகுவார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் பயந்து விலகுவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்து வீட்டுச் சொந்தக்காரரிடம் பேரம் பேச முடியாது. சந்தா சின்னத் தொகையாக இருந்தாலும் வசூலியுங்கள், தனிக் கணக்கில் வையுங்கள். யாருக்கு ஆதரவு என்பதைச் சங்கம் கூடி ஓட்டெடுத்து முடிவு செய்யட்டும். உங்கள் கட்சிப் பதவி அந்த முடிவைத் தொடக்கூடாது. முடிந்தால் நீங்கள் சங்கப் பொறுப்பிலிருந்து நகர்ந்து வேறு ஒருவரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். என்னைக் கேட்டால் உங்கள் தோழிதான் சரியான ஆள். கட்சியை நம்பாத ஒருவர் சங்கத்தின் தலைமையில் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் "எங்கள் சங்கம் இதை ஏற்காது" என்று சொன்னால், அதை நம்ப அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும்.

உங்கள் ஊரிலேயே இதற்கு உதாரணம் கிடைக்கிறது. 2024 பிப்ரவரியில் ரென்டன் குறைந்தபட்ச ஊதியத்தை 20 டாலருக்கு மேல் உயர்த்தியது எந்தக் கட்சியும் இல்லை. கையெழுத்து வாங்கி மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள், ஜெயித்தார்கள். நகர மன்றம் அதைத் தானாகச் செய்ய முன்வரவில்லை. 2025 நவம்பரில் சியாட்டில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கேட்டி வில்சனும் பேருந்துப் பயணிகள் சங்கம் நடத்தி வந்தவர்தான். 2011-இலிருந்து சந்தா, கூட்டம், கையெழுத்து என்று ஒரு சிறிய அமைப்பைக் கட்டிக் காத்தவர், இப்போது நகரத்தையே நடத்தப் போயிருக்கிறார். இனி அவரை எதிர்த்துக் கேள்வி கேட்க வெளியே யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அந்தச் சங்கத்தின் நல்ல ஆட்களெல்லாம் மேயர் அலுவலகத்தில் வேலைக்குப் போய்விடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

இனி காஸா. உங்கள் தோழியின் கோபத்தை வாதத்தால் தட்டிவிட நான் தயாராக இல்லை. 2024 அதிபர் பிரைமரியில், மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'அன்கமிட்டட்', அதாவது எந்த வேட்பாளருக்கும் இல்லை, என்று ஓட்டுப் போட்டார்கள். உங்கள் மாநிலத்தில் மளிகைக் கடைத் தொழிலாளர்களின் பெரிய சங்கமான யுஎஃப்சிடபிள்யூ 3000 அதை ஆதரித்தது. சுமார் பத்தில் ஒருவர் அப்படி ஓட்டுப் போட்டார்கள். கட்சி விதிப்படி, கட்சிக்குள்ளேயே, ஒழுங்காகச் செய்த எதிர்ப்பு அது. ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டில் ஒரே ஒரு பாலஸ்தீன அமெரிக்கர் பேச மேடையில் சில நிமிடம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. உள்ளே போனால் கேட்பார்கள் என்று யாருக்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். அந்தக் கட்சியின் பெயரைத் தன் பெயரோடு சேர்க்க முடியாது என்று ஒருவர் சொன்னால் அது மனசாட்சியின் விஷயம், அவரை வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. நீங்கள் போவதால் அவரும் வர வேண்டும் என்றில்லை. அவர் போகாததால் நீங்கள் துரோகி என்றும் இல்லை. இதை நீங்கள் இருவரும் ஒரு முறை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். சங்கங்கள் உடைவது வீட்டுச் சொந்தக்காரரால் அல்ல, இப்படிப் பேசாமல் விட்ட பேச்சால்தான். நான் அதிகம் பார்த்தது அதுதான்.

க்ஷமா 2025-இல், ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் ஸ்மித்தை எதிர்த்து 9-ஆவது தொகுதியில் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். ரென்டன் அந்தத் தொகுதியில்தான் வருகிறது. உங்கள் தோழி அவருக்காக வேலை செய்ய விரும்பினால் செய்யட்டும். நீங்கள் கமிட்டி ஆஃபீசராக இருப்பதால், கட்சி ஆதரிக்கும் வேட்பாளருக்கு எதிராக வெளிப்படையாகப் பிரசாரம் செய்வதில் சிக்கல் வரலாம்; உள்ளூர் அமைப்பின் விதிகளைக் கேட்டுப் படித்துவிட்டுப் பேசுங்கள். உங்கள் ஓட்டு யாருக்கு என்பதை யாரும் கேட்க முடியாது. சங்கம் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு. ஸ்மித், க்ஷமா, இன்னும் யார் நின்றாலும், எல்லாரையும் உங்கள் வளாகத்துப் பொது அறைக்குக் கூப்பிட்டு வாடகையைப் பற்றியும் போரைப் பற்றியும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். யார் வரவில்லை என்பதையும் எழுதி வையுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி வரலாம். ஹெச்1பியில் இருப்பவர் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. கதவு தட்டலாம், போன் பேசலாம். வேட்பாளருக்கோ கட்சிக்கோ ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. டிக்கெட் விற்கும் நிதி திரட்டும் விருந்துக்குப் பணம் கட்டிப் போவதும் நன்கொடைதான். யாருக்கு எவ்வளவு செலவழிப்பது என்பது போன்ற முடிவுகளிலும் அவர் பங்கெடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை கொடுக்கலாம். ஓட்டு இருவருக்குமே கிடையாது. லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளர் பதிவுக் கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' என்று சொல்லிவிட வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பின்னால் கிரீன் கார்டுக்கே உலை வைத்துவிடும். இன்றைய சூழ்நிலையில் முன்னால் நிற்க அவருக்குத் தயக்கம் இருந்தால், சங்கத்தின் கணக்கு வழக்கையோ தமிழ், இந்தி மொழிபெயர்ப்பையோ கொடுங்கள். வாடகைக் கூட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிவருவதற்கு விசா எதுவும் குறுக்கே வராது.

அன்புடன்,
அக்கா